சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும்: சிறு குடும்ப அறக்கட்டளைகள் ஊருக்குச் செய்யக்கூடியது



தமிழ்நாட்டின் பழைய வழித்தடங்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறலாம். பிறகு தாமே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். பெரும்பாலும் கருவுற்ற நிலையில் இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்ட கல் அது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊருக்குப் பயன்படும் பொருளாக மாறியதற்கு இதைவிட எளிய சான்று நம்மிடம் இல்லை. அதே வழியில் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார்கள். கல்லை ஒருமுறை நட்டால் போதும். நூறு ஆண்டு நிற்கும். பந்தலின் கணக்கு வேறு. விடிந்ததும் ஒருவர் வந்து பானையை நிரப்ப வேண்டும், மோருக்குத் தயிர் வாங்க வேண்டும், காற்றில் பிய்ந்த கீற்றை மாற்ற வேண்டும். ஒருநாள் பானை காலியாகக் கிடந்தால் அன்றைக்கு அந்த அறமே இல்லை. இன்று சிறு குடும்ப அறக்கட்டளைகள் பெரும்பாலும் சுமைதாங்கி நடுகின்றன, ஊர்களுக்குத் தேவைப்படுவதோ தண்ணீர்ப் பந்தல் என்பதே இந்த உரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

சிறு குடும்ப அறக்கட்டளை என்று நான் சொல்வது எது என்பது இந்த அவைக்குத் தெரியும். தாய் தந்தையர் நினைவாகச் சில லட்சம் ரூபாயை ஒதுக்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து, உடன்பிறந்தோரே அறங்காவலர்களாக இருந்து நடத்தும் அமைப்பு. பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், ஆண்டுக்கொரு கண் சிகிச்சை முகாம், நினைவு நாளில் அன்னதானம், பள்ளிக்கு ஒரு நுழைவாயில் வளைவு அல்லது ஓர் ஆழ்குழாய்க் கிணறு. இந்தச் சொற்பொழிவும் அப்படியொரு வைப்புத்தொகையின் வட்டியில்தான் நடக்கிறது. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு: ஒரு நாளில் முடிந்துவிடும், அல்லது ஒருமுறை கட்டினால் தீர்ந்துவிடும். இதற்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் ஆசை மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. மாதந்தோறும் ஒரு செலவை ஏற்றுக்கொண்டால் பிறகு விட முடியாதே என்ற தயக்கம்தான் பெரிய காரணம். அந்தத் தயக்கம் பொறுப்புணர்ச்சியிலிருந்தே வருகிறது. ஆனாலும் அதைக் கடந்தே ஆக வேண்டும் என்பேன். ஏனெனில் பணம் வைத்திருக்கும் மற்ற இருவரும், அதாவது அரசும் பெருநிறுவனங்களும், மாதாந்தரச் செலவென்றால் கைகட்டப்பட்டவர்களாக நிற்கிறார்கள்.

பெருநிறுவனங்களை முதலில் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களை முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. பெரிய தொகைதான். ஆனால் ஒரு பணியைத் தொடர் திட்டம் என்று அறிவித்தாலும், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் 3 ஆண்டுகளே அதற்கு ஆயுள். வகுப்பறை கட்டலாம், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கலாம். ஐந்தாம் ஆண்டில் அந்த இயந்திரத்தின் வடிகட்டியை யார் மாற்றுவது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அரசைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. அது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அந்தத் திட்டம் வகுத்தது. மாதத்துக்கு 850 ரூபாய்கூட ஆகவில்லை. சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய் பழுது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்த இடத்தில் ஆண்டுக்கு 40,000 ரூபாய் தரக்கூடிய ஒரு குடும்பம் சின்னக் கொடையாளி அல்ல. அந்தப் பள்ளியின் அன்றாடச் செலவைப் பொறுத்தவரை அரசைவிடப் பெரிய கொடையாளி. கழிப்பறை கட்ட 40,000 போதாது. கட்டிய கழிப்பறையைப் பெண்குழந்தைகள் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும்படி வைத்திருக்க அது பெரிதும் உதவும். சிறு தொகையின் மதிப்பு எங்கே பெருகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடை நந்தாவிளக்குக் கொடை. ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் எந்த ஆடுகள் எந்த இடையரிடம் விடப்பட்டன என்று பெயர் பெயராகச் சொல்கின்றன. அந்த இடையரும் அவர் உறவினரும் நெய் அளக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் பதிவு செய்கின்றன. அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும்; இடையர் இறந்ததை ஈடு செய்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, மிகுதியைத் தாம் வைத்துக்கொள்வார். கொடையாளிக்கு விளக்கு, இடையருக்குப் பிழைப்பு, கோயிலுக்கு நெய். மூலதனம் ஊருக்குள்ளேயே, உயிரோடு, பெயர் தெரிந்த ஒருவரின் பொறுப்பில் இருந்தது. காசாகக் கொடுத்ததையும் ஊர்ச் சபைகளிடம் ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீத வட்டிக்குக் கொடுத்து, அந்த வட்டியில் கோயில் செலவுகளை நடத்தினார்கள். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை ஒன்றைக் குறிப்பிடுகிறது. கட்டடத்தைப் பற்றி அது பெருமை பேசவில்லை. மருத்துவருக்கு, அறுவை செய்பவருக்கு, மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்களுக்கு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு, நாவிதருக்கு என்று ஆண்டுக்கு எவ்வளவு என்பதையே வரிசையாகச் சொல்கிறது. எனக்கு அந்தக் கல்வெட்டில் வியப்பாக இருப்பது மருத்துவமனை இருந்தது என்பதைவிட, அதை நடத்தும் செலவைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதுதான்.

இதோடு இன்றைய வைப்புநிதியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று கொண்டால், அந்த 7,000 ரூபாயால் வாங்கக்கூடியது 14 ஆண்டுகளில் பாதியாகும். 28 ஆண்டுகளில் கால்வாசி. வட்டியில் கொஞ்சத்தை மூலதனத்தோடு சேர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வகுத்த முறைப்படி, வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். நிபந்தனை இல்லாமல் நிறுத்திக்கொள்ளக்கூடியது 15 சதவீதம். 7,000 ரூபாயில் அது 1,050. அதை முழுவதும் மூலதனத்தில் சேர்த்தாலும் மூலதனம் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வளரும்; பாதியாகக் குறையும் காலம் 14 ஆண்டிலிருந்து 18 ஆண்டாகத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று அறிவித்து 5 ஆண்டு வரை சேர்த்துவைக்கலாம், ஆனால் முடிவில் அதையும் செலவிட வேண்டும். பணத்தை எங்கெங்கே முதலீடு செய்யலாம் என்பதையும் சட்டம் பட்டியலிட்டுவிட்டது. அந்த எச்சரிக்கை நியாயமானதே. பொது அறத்தின் பணத்தை யாரும் சூதாட்டத்தில் வைக்கக் கூடாது. ஆக, வங்கியில் போட்டுவிட்டோம், இனி அது தானே நடக்கும் என்று ஒரு குடும்பம் நம்புவது கணக்குக்கு ஒத்துவராத நம்பிக்கை. தங்கப் பதக்கமாகத் தொடங்கிய பல பரிசுகள் சான்றிதழாகத் தேய்ந்ததற்கு யாருடைய நாணயக் குறைவும் காரணமில்லை. அந்த ஆடு குட்டி போடாத ஆடு.

அப்படியானால் குட்டி எங்கிருந்து வரும்? ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் பணத்திலிருந்து. இதற்கும் நம்மிடம் வழக்கம் உண்டு. வணிகச் சமூகங்கள் மகமை என்று ஒன்றை எடுத்துவைத்தன. விற்பனையில் மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கில் முதலிலேயே ஒதுக்கப்படும் பங்கு அது. லாபம் கண்ட பிறகு மனமிருந்தால் கொடுப்பதன்று. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்திலும், வீடுதோறும் சமைக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்துவைத்துச் சேர்த்த பிடி அரிசியிலும் நடந்தது. காமராசர் படித்த பள்ளி அது. பிடி அரிசிக்கு மூலதனமே கிடையாது; அடுப்பு எரியும் வரை வரவு உண்டு, அரிசி விலை ஏறினாலும் பிடி குறைவதில்லை. கோயில் திருவிழாவின் மண்டகப்படியும் இப்படித்தான். ஐந்தாம் திருநாள் இன்னார் வீட்டு உபயம் என்றால், அந்த வீட்டார் எங்கிருந்தாலும் அந்த ஆண்டுச் செலவோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஊருக்கே தெரியும். குடும்ப அறக்கட்டளை வைப்புத்தொகையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை இடர் காலத்துக்கான சேமிப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்ப உறுப்பினரும் தம் ஆண்டு வருமானத்தில் ஒரு சிறு பங்கை, அரை சதவீதமானாலும் சரி, மகமையாகத் தர வேண்டும் என்கிறேன். சம்பளம் ஏறும்போது அதுவும் ஏறும். பத்துப் பேர் கொண்ட நடுத்தரக் குடும்பம் ஒன்று இப்படித் திரட்டக்கூடியது, பல லட்ச ரூபாய் வைப்புத்தொகையின் வட்டிக்குச் சமம்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். பள்ளியைச் சுத்தமாக வைப்பதும் நூலகத்துக்கு நாளிதழ் வாங்குவதும் அரசின் கடமை. வரி கட்டும் மக்கள் மறுபடியும் ஏன் தர வேண்டும்? குடும்பங்கள் முன்வந்தால் அரசு நழுவிக்கொள்ளாதா? இந்த ஆட்சேபத்தின் பாதியை நான் ஏற்கிறேன். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டுகிறோம்; அந்தப் பணம் நூலகத்துக்கு வர வேண்டும் என்று கேட்பது கொடையைவிட முந்திய கடமை. ஆனால் கொடை அரசை நழுவவிடும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை. நேர்மாறான சான்றுகள் உண்டு. பள்ளி மதிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் 1956இல் மாநிலத்துக்கு விரித்தபோது செலவின் ஒரு பகுதியை ஊரார் ஏற்றார்கள். அரிசியும் விறகும் பாத்திரமும் ஊர்களிலிருந்து வந்தன. அடுத்த ஆண்டுகளில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசையும் கடிகாரமும் கட்டடமும் ஊராரே கொடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவை அரசின் முழுப் பொறுப்பாக்கியது; 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அரசு விலகவில்லை, படிப்படியாக உள்ளே வந்தது. அமெரிக்காவிலும் இதையே காணலாம். ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகர் 1917இல் தொடங்கிய நிதியம், தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவியது. நிதியம் தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாங்களே சேர்த்தது சுமார் 47 லட்சம். இவ்விரண்டும் சேர்ந்து இழுத்துவந்த அரசுப் பணம் 1 கோடியே 80 லட்சம் டாலர் அளவுக்கு. ஏற்கெனவே வரி கட்டிய ஏழை மக்கள் பள்ளிக்காக மறுபடியும் கட்ட நேர்ந்தது அநீதி என்பதை மறைக்கக் கூடாது. அந்த அநீதியையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒரு குடும்பம் தன் கொடையை வகுக்க வேண்டும்: அரசு ஒரு பொறுப்பை ஏற்றவுடன் அங்கிருந்து விலகி, ஏற்காத அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். காலை உணவு வந்துவிட்ட பள்ளியில் இட்லி கொடுக்கத் தேவையில்லை. மாலை 6 மணிக்குப் பின் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு விளக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பட்டதாரிப் பெண்ணும், அவளுக்கு மாத ஊதியமும் தேவை.

இரண்டாவது ஆட்சேபம் என்னை அதிகம் தொடுவது. கொடுக்கும் கைதானே ஆளும்? குடும்பம் என்றால் சாதி, சாதி என்றால் தன் தெரு. இதற்கும் நம் வரலாறு சான்றாக நிற்கிறது. எண்ணாயிரம் கல்வெட்டு ராசேந்திர சோழன் காலத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு உணவும் கல்வியும் அளித்த ஏற்பாட்டைச் சொல்கிறது. அவர்கள் வேதம் ஓதியவர்கள். ஊர் முழுவதும் அந்தக் கல்வியில் பங்கு பெறவில்லை. சத்திரங்களில் பந்தி பிரிந்தே இருந்தது. சற்று முன் நான் பாராட்டிய உறவின்முறையும் ஒரு சாதியின் அமைப்புத்தான், பிறரால் ஒதுக்கப்பட்டதால் தன் கையால் எழுந்த அமைப்பு என்றாலும். ஒரு சாதிக்கோ ஒரு சமயத்தாருக்கோ மட்டும் பயன்படும் அறப்பணி அறக்கட்டளைக்கு வரிவிலக்கு இல்லை என்று வருமான வரிச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் பத்திரத்தில் அனைவருக்கும் என்று எழுதிவிட்டு, நடைமுறையில் தெரிந்தவர் பிள்ளைக்கே உதவித்தொகை போவதைச் சட்டத்தால் கண்காணித்துக்கொண்டிருக்க முடியாது. மனம் திருந்தினால் சரியாகிவிடும் என்று இதை விட்டுவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பம் கைவிட வேண்டும். வேறு மருந்து தெரியவில்லை. அதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடமும் உண்டு. எந்தச் செலவு, எந்தப் பிள்ளைக்கு என்பதை அந்தக் குழு முடிவு செய்யட்டும். குடும்பம் பணத்தையும் கணக்குக் கேட்கும் உரிமையையும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் அப்பா பெயரில் நடப்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாதா என்று சிலர் வருந்தலாம். அந்த வருத்தத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அப்பா அந்த ஊருக்கு எழுதிவைத்தார் என்றால், எழுதிய நாளிலிருந்து அது ஊரின் சொத்து.

என்றைக்கும் நிலைக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தியூர்கோ 1757இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் நிரந்தர அறக்கட்டளைகளைக் கடுமையாகச் சாடினார்: காலம் மாறும், நோக்கம் பயனற்றுப்போகும், இறந்தவரின் விருப்பம் இருப்பவர்களைக் கட்டிப்போடும் என்றார். ரோசன்வால்டும் அதே எண்ணத்தில் தம் நிதியம் முழுதும் செலவாகித் தீர வேண்டும் என்று விதித்தார். 1948இல் அது மூடப்பட்டது. இந்த வாதத்துக்கு நம் ஊரிலேயே விடை உண்டு, பச்சையப்ப முதலியாரின் அறத்தில். 1794இல் அவர் மறைந்தபோது எழுதிவைத்தது பெரும்பாலும் கோயில் வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும். பணம் உறவினரிடமும் பொறுப்பாளர்களிடமும் சிக்கி, வழக்கு மேல் வழக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, கோயில் கொடைகளுக்குப் போக எஞ்சியதைக் கல்விக்குத் திருப்பி, குடும்பத்துக்கு வெளியே ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தது. 1842இல் பள்ளி திறந்தது. 1889இல் அது கல்லூரியானது. அந்த உயிலின் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், அல்லது வாரிசுகளிடமே விட்டிருந்தால், கல்லூரி இல்லை. தியூர்கோ சொன்ன நோய் உண்மை. அதற்கு அறக்கட்டளையை மூடுவது ஒரு மருந்து. நோக்கத்தை மாற்றும் வாசலைப் பத்திரத்திலேயே திறந்துவைப்பது இன்னொன்று. இன்று அந்த மாற்றத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம். சிறு அறக்கட்டளைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பத்திரம் எழுதும்போதே, இந்த ஊரின் கல்வி, உடல்நலம், குடிநீர் என்று விரிவாக எழுதி, 10 ஆண்டுக்கு ஒருமுறை எதற்கு என்று ஊராரோடு கூடி முடிவு செய்யலாம் என்ற விதியையும் சேர்ப்பது நல்லது. 20 ஆண்டில் முழுவதையும் செலவிட்டு முடித்துவிடுவோம் என்று ஒரு குடும்பம் எழுதினாலும் அதில் குறைவொன்றுமில்லை.

கடைசியாக மூன்றாம் தலைமுறை. நிறுவியவரின் பேரப்பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ டெக்சாஸிலோ இருப்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட பேத்தி தன் தாத்தா பெயரிலுள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்காற்றுச் சட்டத்தின் கீழ் வரும். அறக்கட்டளை தனியே பதிவு பெற வேண்டும், புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் குறிப்பிட்ட கணக்கு தொடங்க வேண்டும். ஒரு தொடக்கப் பள்ளியின் துடைப்பச் செலவுக்கு இந்தச் சுமை பொருந்தாது. இதைத் தெரியாமல் அனுப்பிச் சிக்கிக்கொள்வதைவிட, ஊரில் இருப்பவர்களே அறங்காவலர்களில் பெரும்பான்மையாக இருப்பதும், உள்ளூரில் இன்னும் நான்கு குடும்பங்களை மகமையில் சேர்த்துக்கொள்வதும் மேல். பெயர் அந்தத் தாத்தாவுடையதாகவே இருக்கட்டும். அவர் வீட்டார் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும், அன்று கணக்குப் படிக்கும்போது.

கணக்கைப் படிக்க மண்டபம் பிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அறக்கட்டளையின் வரவு செலவை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டு, மே 1ஆம் தேதிச் சபையில் ஒருவர் எழுந்து படிக்கட்டும். துப்புரவுப் பணியாளருக்கு 10 மாதம் ஊதியம் கொடுத்தோம், ஏப்ரல் மாதம் விட்டுப்போயிற்று என்று அதில் இருந்தால், ஏப்ரல் எங்கே போயிற்று என்று அந்தப் பணியாளரே சபையில் எழுந்து கேட்கட்டும். அந்தக் குடும்பம் அங்கேயே பதில் சொல்லட்டும்.